ஐம்பது வயது தாண்டியும் ஒருவரிடமும் சொல்லாதவர்கள்

பவளமல்லி (இழையைத் தொடங்கியவர்)

கோவையில் வேலை பார்க்கிறேன், வயது 27. நான் லெஸ்பியன் என்பது என் தோழிகளுக்கும் தம்பிக்கும் தெரியும். அப்பா அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதுவும் ஒரு நாள் நடக்கும் என்றே நினைக்கிறேன். என் கேள்வி வேறு. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரே ஒரு ஆளிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். நண்பரிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை, முகம் தெரியாத ஹெல்ப்லைனில்கூட இல்லை. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பல்லை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது. சென்னையில் 2009இலிருந்து வானவில் பேரணி நடக்கிறது. இன்னும் எது தடுக்கிறது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. அப்படி இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம்.

செந்தூரன்77

பயம்தான், வேறென்ன? சொந்தக்காரன் நாலு பேர் என்ன நினைப்பான் என்கிற பயம். அதற்குக் குடும்பப் பொறுப்பு என்று கௌரவமாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள். இவர்கள் யாருமே வாய் திறக்காததால்தான் "நம்ம பக்கம் இப்படியெல்லாம் யாரும் கிடையாது" என்று ஒவ்வொரு ஊரிலும் பேச முடிகிறது.

பெயர்வேண்டாம்52

பல நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். வயது 52, தென்மாவட்டம், சொந்தக் கடை. நான் கே, தன்பாலீர்ப்புள்ள ஆண். இதை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, அதுவும் என் பெயர் இல்லாமல்.

செந்தூரன் தம்பி, பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இளவயதில். இப்போது என்னை யார் என்ன செய்துவிட முடியும்? கடை என்னுடையது, வீடு என்னுடையது. சொல்லாததற்குக் காரணம் வேறு.

அப்பா போனபோது எனக்கு 22. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். எங்கள் பக்கம் ஒரு வரன் வந்தால் பையன் வீட்டார் பெண்ணின் அண்ணன் யார், என்ன பழக்கம் என்று டீக்கடை வரை விசாரிப்பார்கள். சரி, தங்கைகளுக்கு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அதற்குள் அவர்களுடைய மாமியார் வீடு என்று இரண்டு புது இடங்கள் வந்துவிட்டன. அப்புறம் மருமகள் பெரியவள் ஆனாள், நான்தான் தாய்மாமன் சீர் செய்தேன். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு கல்யாணம் எப்போதும் பாக்கி இருக்கிறது. என் பேச்சை எடுக்க ஒரு இடைவெளி விழவே இல்லை.

"ஒருவரிடம் மட்டும் சொல்லலாமே" என்பீர்கள். எங்கள் ஊரில் ஒருவரிடம் மட்டும் என்று எதுவும் கிடையாது. நண்பனிடம் சொன்னால் அவன் மனைவிக்குத் தெரியும், அவள் என் தங்கையோடு படித்தவள்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. பேப்பரை வாங்கிக் கடைக்குள் ஒளித்து வைத்துப் படித்தேன். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு மறுபடி குற்றம் என்றது. 2018இல் திரும்பவும் குற்றமில்லை. தீர்ப்பை மாற்றி எழுதலாம். நடுவில் அந்த நாலரை வருஷத்தை நம்பி வீட்டில் சொன்னவர்கள், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்ததா?

கடைசியாக அம்மா. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்கும் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால் "அவன் இஷ்டம்" என்று வெட்டிவிடுவார். நான் வாய்விட்டுச் சொன்னால் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். அழ வேண்டும், மாமாவைக் கூப்பிட வேண்டும், ஜோசியரிடம் ஓட வேண்டும், தன் வளர்ப்பில் என்ன குறை என்று தேட வேண்டும். சொல்லாதவரை எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கலாம். 78 வயதில் அவருக்கு அந்த வேலையை நான் ஏன் வைக்க வேண்டும்?

பவளமல்லி

ஐயா, எழுதியதற்கு நன்றி. கடைசிப் பத்தி என்னை யோசிக்க வைத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் பெரியம்மா ஒருவரைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

தேக்காவாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதே கையோடு, திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்பதை நீதிமன்றத்தில் யாரும் அசைக்க முடியாதபடி அரசியலமைப்பிலும் திருத்தம் செய்துவிட்டார்கள். அதைவிட எங்களைக் கட்டிப்போடுவது வீடுதான். கல்யாணமாகாத ஆள் தனியாக வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, வாங்க 35 வயது ஆக வேண்டும். வெளியே வாடகை கட்டுப்படியாகாது. அதுவரை அப்பா அம்மாவோடு ஒரே வீடு, பலருக்குத் தம்பியோடு ஒரே அறை. பெற்றோரிடம் சொல்லிவிட்டு அதே வீட்டில் எப்படி இருப்பது? 35 வயதில் சாவி கைக்கு வரும்போது சொல்லாமல் இருப்பதே பழகிவிடுகிறது. என் கூட்டாளிகள் பலர் இப்படித்தான். பயந்தவர்கள் இல்லை, வரிசையில் நின்றவர்கள்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில் சட்டமே இன்னும் மாறவில்லை. தண்டனைச் சட்டம் 1883இல் வெள்ளைக்காரன் போட்டது, அதிலே 365, 365ஏ அப்படியே இருக்கு. அதை எடுக்க வந்த மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே (உங்கட கணக்கில உச்ச நீதிமன்றம்) சொன்னது, ஆனால் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. இங்கே ஆரிடம் போய் என்னத்தைச் சொல்லுறது?

ஈரோட்டுக்காரி

இந்த இழையில் இதுவரை வராத ஒரு ஆள் இருக்கிறாள். மனைவி.

என் கணவர் யாரிடமும் சொல்லாதவர்தான். என்னிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் என்ன குறை என்று தேடினேன். உடம்பு, நிறம், சமையல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். குழந்தை இல்லை என்று என்னைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துக்கொண்டு போனார்கள். உண்மை தெரிந்தபோது எனக்கு 39. அவர் மீது வெறுப்பு இல்லை, மனிதர் நல்லவர். ஆனால் "நான் யாரையும் கஷ்டப்படுத்தாமல் சொல்லாமல் இருந்தேன்" என்று ஒருவர் எழுதும்போது கோபம் வருகிறது. அந்தக் கஷ்டத்தை வேறொருத்தி பட்டிருக்கிறாள்.

செந்தூரன்77

இதைத்தான் நானும் சொன்னேன். சொல்லாமல் இருப்பது தனிப்பட்ட விஷயமே இல்லை.

பெயர்வேண்டாம்52

அக்கா, நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணமே அதுதான். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் என்னைப்போல் மறுக்க முடிந்தவர்கள் குறைவு. எனக்கு அப்பா இல்லை, சம்பாத்தியம் என் கையில். அந்த வசதி எல்லாருக்கும் கிடையாது.

பழையபேருந்துநிலையம்

அக்கா சொல்லும் அந்தக் கணவன் மாதிரி ஆள்தான் நானும். 46 வயது, இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரிடம் தனியாகப் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். நம்பினேன், நம்பத்தான் விரும்பினேன். அவர் சொன்னது சரியாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது இல்லையா?

இப்போது ஏன் சொல்லவில்லை என்றால், இனி இது என் ரகசியம் மட்டும் இல்லை. சொன்னால் என் பாரம் இறங்கும், அவள் தலையில் ஏறும். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அவளையும் என் மாதிரி வாய்மூடி இருக்க வைப்பதுதான் நடக்கும். இது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. நான் யாரையும் சந்திப்பதும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டுக்காரி

தம்பி, என்ன முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "அவளால் தாங்க முடியாது" என்று எங்கள் சார்பில் நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். எனக்கு 39இல் தெரிந்ததை 29இல் தெரிந்திருந்தால் நான் வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்பேன், அவ்வளவுதான். இன்னொன்று, உங்களுக்காக இல்லை, வெளியே போகிறவர்கள் வாசித்தால் அவர்களுக்காக: அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ரகசியம் காக்க 2017ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. மனைவியிடம் வாய் திறக்க முடியாதவர்கள் அதையாவது செய்யுங்கள்.

நெறியாளர்

இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் பெரிய துரோகி என்கிற போட்டிக்கு இந்த இழை இடமில்லை. யாரையாவது அடையாளம் காட்டும் விதமாக எழுதினாலும் நீக்கப்படும்.

கார்மேகம்

திருநம்பி ஒருவனின் பக்கத்தையும் போட்டு வைக்கிறேன். எங்கள் கதை கொஞ்சம் தலைகீழ். திருநங்கை அக்காக்களுக்குப் பெரும்பாலும் ஒளிக்கிற வாய்ப்பே கிடைப்பதில்லை, நடையும் குரலும் சின்ன வயதிலேயே ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் அடியும் அவர்களுக்குத்தான் முதலில் விழுந்தது, 2008இல் நல வாரியம் அமைத்தபோது அரசின் கண்ணிலும் அவர்கள்தான் பட்டார்கள். நாங்கள் அப்படி இல்லை. ஹார்மோன் எடுத்து, ஆபரேஷன் முடிந்து, தாடி வந்த பிறகு எங்களைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் வேறு மாவட்டத்துக்கு வந்து வேலை பார்க்கிறேன். இங்கே நான் சாதாரணமாக ஒரு ஆண். வாடகை வீட்டுக்காரர் "பேச்சிலர்களுக்கு வீடு கொடுப்பதில்லை" என்று அலுத்துக்கொண்டுதான் கொடுத்தார். அந்த அலுப்பு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குப் புரியாது.

நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்ன நிமிஷத்திலிருந்து "முன்னாடி உன் பேர் என்ன" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு ஒரே பயம் பழைய டி.சி.யும் மார்க் ஷீட்டும்தான். அரசிதழில் பெயர் மாற்றிவிட்டேன், ஆனாலும் எச்.ஆர். ஆள் பழைய சான்றிதழ் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். நான் ஒளிந்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். இத்தனை பாடுபட்டு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

குறிஞ்சி

மனநல ஆலோசகர். பொதுவாகச் சில விஷயங்கள்.

சொல்லாதவர்கள்தான் பெரும்பான்மை, சொன்னவர்கள் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பச்சான்கிஸும் சுவீடனைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரான்ஸ்ட்ரோமும் 2019இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். உலகில் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ளவர்களில் சுமார் 83 சதவீதம் பேர், தம்மைச் சுற்றி உள்ள எல்லாரிடமும் அல்லது பெரும்பாலானவர்களிடம் அதை மறைத்தே வாழ்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பிய நாடுகளின் தரவை வைத்து உலகத்துக்கு நீட்டிய கணக்கு அது, அதனால் தசமப் புள்ளி வரை நம்ப வேண்டாம். ஆனால் பவளமல்லி கேட்ட கேள்வியை இது திருப்பிப் போடுகிறது. பேரணியில் நடப்பவர்கள்தான் சிறுபான்மை.

மறைப்பதற்கு விலை இல்லை என்று சொல்ல மாட்டேன். வார இறுதியில் என்ன செய்தாய் என்று அலுவலகத்தில் கேட்டால் ஒரு கதை தயாராக இருக்க வேண்டும். போனை மேசையில் கவிழ்த்தே வைக்க வேண்டும். குடித்தால் அளவோடு நிறுத்த வேண்டும், உளறிவிடக்கூடாதே. வருஷக்கணக்கில் இப்படித் தன்னைத்தானே காவல் காப்பது ஆளைக் களைப்படையச் செய்யும், தூக்கத்தில் காட்டும், ரத்த அழுத்தத்தில்கூடக் காட்டும். ஆனால் வெளியே சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பொய். கேட்கிற ஆள் யார் என்பதைப் பொறுத்தது அது. ஆதரவில்லாத வீட்டில் சொல்லிவிட்டுப் பூட்டிய அறையில் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருபவர்களை நான் சொல்லச் சொல்லித் தள்ளுவதில்லை.

பேருந்து நிலையம் சகோதரருக்கு: அன்று உங்களுக்குக் கிடைத்த மாதிரி வைத்தியத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. இப்போது போனால் வேறு மாதிரியான டாக்டரைப் பார்க்கலாம்.

கோடைமழை

நான் ஒருவரிடம் சொல்ல நேர்ந்தது. நானாகச் சொல்லவில்லை. டேட்டிங் ஆப்பில் பழகியவன் ஒரு அறைக்குக் கூப்பிட்டான், போனால் உள்ளே நாலு பேர். போனைப் பிடுங்கி வீடியோ எடுத்துவிட்டு, யுபிஐயில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் மாதா மாதம் கேட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை. போனால் முதல் கேள்வியே "நீ எதற்கு அங்கே போனாய்" என்றுதானே இருக்கும்? யாரிடமும் சொல்லாத ஆள்தான் இவர்களுக்கு வசதி. நம்மை ஏமாற்றினால் புகார் வராது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் நம்பரை மாற்றிவிட்டு இரண்டு மாதம் தூங்காமல் இருந்தேன்.

மேலமாசிவீதி_வக்கீல்

கோடைமழை, அது இப்போதும் தொடர்ந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர்கள் செய்தது பணம் பறிப்பு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு. நீங்கள் செய்தது எந்தக் குற்றமும் இல்லை, புதுச் சட்டத்தில் 377 என்ற பிரிவே கிடையாது. பணம் போன உடனே 1930க்கு (சைபர் குற்ற உதவி எண்) அழைத்தால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அங்கே பணம் போன விதத்தைச் சொன்னால் போதும்.

போலீஸ் விஷயம். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் கொடுத்த உத்தரவு பலருக்கு நினைவிருக்கும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்தன என்று சொல்லி, ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. அதன் தொடர்ச்சியாகக் காவலர் நடத்தை விதிகளில் 24சி சேர்த்தார்கள், பால்புதுமையினரை, அதாவது எல்ஜிபிடி மக்களை, துன்புறுத்தக்கூடாது என்று. விதி புத்தகத்தில் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நடப்பது மாறுகிறது. அதனால்தான் வக்கீலோடு போங்கள் என்கிறேன்.

2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவர் தோழியோடு போக அனுமதித்த அமர்வு, குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் அமைவதில்லை என்றது. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று சொன்ன பிறகு வந்தது இது. ஆறுதல்தான், ஆனால் சொத்துக்கு உதவாது. அதைப் பற்றி யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

இருபாலி_சேலம்

சின்னப் பதிவு. நான் ஆண், பைசெக்சுவல். மனைவியைக் காதலித்துத்தான் கட்டினேன், இன்றும் அப்படித்தான். மனைவியிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன், "சரி, அதனால என்ன" என்றாள். அதற்கு மேல் யாரிடமும் சொல்ல எனக்குத் தேவை வரவில்லை. நண்பர்களிடம் சொன்னால் "அப்ப நீ ஏமாத்துறியா" என்றுதான் கேட்பார்கள்.

சின்னாளப்பட்டி

எல்லாரிடமும் ஒரு கேள்வி. என் தாய்மாமா ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்யாணம் ஆகாதவர். அவர் நண்பர் ஒருவர் எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறார். பொங்கலுக்கு அவருக்கும் சேர்த்துத்தான் வேட்டி எடுப்போம். எனக்குப் புரிகிறது, எனக்கு அதில் ஒன்றும் இல்லை. "மாமா, எனக்குத் தெரியும், பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா? அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான்.

பவளமல்லி

சொல்லுங்கள்! எனக்கு அப்படி ஒரு மருமகன் இருந்தால் சந்தோஷப்படுவேன்.

பெயர்வேண்டாம்52

தம்பி, வேண்டாம். நீங்கள் வேட்டி எடுத்துக் கொடுக்கிறீர்களே, அதிலேயே அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும். "எனக்குத் தெரியும்" என்று நீங்கள் சொன்னால் அவர் தலை நிமிர்ந்து ஆமாம் என்க வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் தள்ளிப்போட்ட கேள்வியை ஒரு மத்தியான நேரத்தில் அவர் முன் வைக்காதீர்கள். அதற்குப் பதில் அந்த நண்பருக்கு உடம்பு சரியில்லாத நாளில் நீங்கள் போய் நில்லுங்கள். டிவியில் இந்தப் பேச்சு வந்தால் நீங்கள் நல்லவிதமாக இரண்டு வார்த்தை பேசுங்கள், அவர் காதில் விழும்படி. சொல்வதென்றால் அவரே சொல்லட்டும்.

செந்தூரன்77

இதை ஏற்க முடியவில்லை. இப்படியே குறிப்பால் பேசிக்கொண்டிருந்தால் அந்த நண்பர் கடைசிவரை "நண்பர்"தான். நாளைக்கு மாமாவுக்கு ஒன்று என்றால் ஐ.சி.யூ. வாசலில் அவரை யார் உள்ளே விடுவார்கள்? வேட்டி எடுத்துக் கொடுத்த மருமகனையா கேட்பார்கள், அவரையா?

மேலமாசிவீதி_வக்கீல்

இந்த ஒரு இடத்தில் செந்தூரன் பக்கம்தான் நான். சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம், காகிதம் எழுதாமல் இருப்பது மட்டும் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணமாகாத ஆண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து தாய்க்குப் போகும். தாய் இல்லையென்றால் தகப்பன், அவரும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்கள். கூடவே வாழ்ந்தவர் வரிசையிலேயே கிடையாது. அவர் பணமும் போட்டுக் கட்டிய வீடாக இருந்தாலும், பத்திரத்தில் பெயர் இல்லையென்றால் தெருவில்தான்.

வங்கிக் கணக்கில் நாமினியாக யாரையும் போடலாம். கூட்டுக் கணக்குக்கும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பி.எஃப்.பில் இன்னும் கஷ்டம், உங்களைச் சார்ந்த தாய் தகப்பன் இருந்தால் வெளியாளை நாமினியாகப் போட்டது செல்லாது. அதனால் உயில்தான் வழி. இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுப்பதை யோசிக்க வேண்டும்.

பெயர்வேண்டாம்52

வக்கீல் சார், எனக்கும் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊர். நேரடியாகக் கேட்கிறேன். உயில் எழுதினால் காரணம் சொல்ல வேண்டுமா? சாட்சிக்காரர்கள் படிப்பார்களா? சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் ஊர் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், அங்கே போனால் சாயங்காலத்துக்குள் தங்கை வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

மேலமாசிவீதி_வக்கீல்

காரணம் எழுத வேண்டியதில்லை. "என் நீண்டகால நண்பர், என்னைக் கவனித்துக்கொண்டவர்" என்று ஒரு வரி போதும், அது இருந்தால் பின்னால் வழக்கு வரும்போது உதவும். சாட்சிகள் இரண்டு பேர், நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சொத்து வாங்கப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள், வம்பு.

பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்தாலும் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். உள்ளூர் அலுவலகம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துவார். உங்கள் காலத்துக்குப் பிறகு விண்ணப்பம் கொடுத்தால்தான் திறப்பார்கள்.

பெயர்வேண்டாம்52

விண்ணப்பம் யார் கொடுக்க வேண்டும்? என் தங்கைதான் கொடுக்க வேண்டும் என்றால் பிரயோஜனம் இல்லை.

மேலமாசிவீதி_வக்கீல்

உங்கள் நண்பரே கொடுக்கலாம், இறப்புச் சான்றிதழோடு. உறை அங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரசீதின் நகலை அவரிடம் கொடுத்து வையுங்கள்.